நியூட்ரலுக்கு எடுத்ததும் இஞ்சின் நிற்கிறதா? டிரைவை மாற்றச் சம்மதிக்கும் முன்

படகுக்குப் பிரேக் கிடையாது. துறையை நெருங்கும்போது அதை நிறுத்த ரிவேர்ஸ் கியர் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறோம். ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் ஒரு லொக்குக்குள் (நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறை) நுழைகிறீர்கள், முன்னால் இன்னொரு படகு, இரு பக்கமும் கொங்கிறீட் சுவர். அந்த நேரத்தில் நெம்புகோலை நியூட்ரலுக்கு இழுத்ததும் இஞ்சின் அணைந்துபோனால், உங்கள் கையில் எதுவுமில்லை. அதனால்தான் கியர் மாறும்போது வரும் சின்னத் தடங்கலையும் "பிறகு பார்ப்போம்" என்று விடக்கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். அதே மூச்சில், பயந்துபோய் ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டவும் வேண்டாம் என்கிறேன்.

ஒன்ராறியோவில் படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜெக்ஸ் பக்கத்து நம்மவர்கள் பழைய படகுகளை வாங்கி சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் கொண்டுபோகிறார்கள். அப்படி வாங்குகிறவற்றில் அநேகமானவை ஸ்டெர்ன்டிரைவ் படகுகள்: இஞ்சின் படகுக்குள் இருக்கும், கியரும் புரொப்பெல்லரும் உள்ள டிரைவ் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அவற்றிலும் நான் கூடுதலாகக் காண்பது மெர்க்குரூசர் அல்ஃபா ஒன் என்ற டிரைவ். இங்கே எழுதுவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

ஒருவர் தன் படகைக் கொண்டுவந்தார். துறைக்கு வரும்போதெல்லாம், முன் கியரிலிருந்து நியூட்ரலுக்கு எடுத்த கணமே இஞ்சின் நின்றுவிடும். திரும்பப் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். வேறு ஒரு கடையில் "டிரைவ் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிப் பல ஆயிரம் டொலருக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். டிரைவை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. கியர் ஒயிலைக்கூட வடித்துப் பார்க்கவில்லை. கடைசியில் இறுகிப்போயிருந்தது ஒரு கேபிள்.

அந்தக் கேபிள் எப்படி இஞ்சினை நிறுத்துகிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு உங்களை யாரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

அல்ஃபா டிரைவின் கீழ்ப்பாகத்தில் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் பற்கள் உள்ள கிளச் ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து, ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்ளும். பற்றியிருக்கும்போது இஞ்சினின் விசை அந்தப் பற்களை இறுக்கிப் பிடித்திருப்பதால், அதை இழுத்து எடுப்பது கடினம். அதற்காகத்தான் இஞ்சினில் ஷிஃப்ட் இன்டரப்ட் சுவிட்ச் என்ற சின்னச் சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். கியரை வெளியே எடுக்கும்போது கேபிளில் இழுவை கூடும். அந்த இழுவையில் சுவிட்ச் அமுங்கி, கண் இமைக்கும் நேரத்துக்கு இக்னிஷனைத் துண்டிக்கும். விசை தளரும், பற்கள் விலகும், இக்னிஷன் திரும்ப வரும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

கியருக்கு இரண்டு கேபிள்கள்: நெம்புகோலிலிருந்து இஞ்சினுக்கு வருவது மேல் கேபிள், இஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போவது கீழ்க் கேபிள். இப்போது அந்தக் கீழ்க் கேபிளை எண்ணிப் பாருங்கள். பின்பலகையைத் துளைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருக்கும் றப்பர் உறை ஒன்றின் ஊடாக டிரைவுக்குப் போகிறது. டிரைவ் திரும்பும்போதும் உயரும்போதும் தானும் வளைகிறது. வருடங்கள் போக உள்ளே தேய்ந்து, தண்ணீர் புகுந்து, இறுகுகிறது. இறுகிய கேபிளைத் தள்ள அதிக விசை வேண்டும். அந்த விசையைப் பற்கள் சிக்கியிருப்பதாக எடுத்துக்கொண்டு சுவிட்ச் அமுங்கியபடியே நிற்கும். இக்னிஷன் திரும்ப வராது, இஞ்சின் அணைந்துவிடும். டிரைவுக்குள் எந்தப் பிழையும் இருக்கத் தேவையில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: அந்தச் சுவிட்சின் வயரைக் கழற்றிவிடுவார்கள். இஞ்சின் நிற்பது உடனே நின்றுபோகும், காசும் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பற்களை முழு விசையோடு பிய்த்து எடுக்கிறீர்கள். கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய பழுதைப் பல்சக்கரம் வரை கொண்டுபோவது இந்த வேலைதான். எந்த மெக்கானிக்காவது இதை நிரந்தரத் தீர்வாகச் சொன்னால் படகைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். பழைய படகு வாங்கும்போதும் அந்த வயர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பதுதான். இஞ்சின் நிறுத்தி, திறப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, இஞ்சினில் உள்ள ஷிஃப்ட் தகட்டிலிருந்து இரண்டு கேபிள்களையும் கழற்ற வேண்டும். நெம்புகோலை ஆட்டினால் மேல் கேபிள் இலகுவாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் பிழை அங்கே. அது ஓடினால், கீழ்க் கேபிளைக் கையால் தள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஒருவர் பின்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் நேராக வராமல் கேபிள் இறுகியதுபோலத் தோன்றும். சுற்றியும் இறுக்கமாக இருந்தால், கேபிளிலா டிரைவிலா என்பது இன்னும் தெரியாது. டிரைவைக் கழற்றி மறுபடி இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்: இப்போது இலகுவாக ஓடினால் பிழை டிரைவுக்குள், இன்னும் இறுகியிருந்தால் கேபிள். இந்தப் படிகளைத் தாண்டாமல் "டிரைவ் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், அவர் ஊகிக்கிறார்.

ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டுமென்றால் இரண்டு விஷயம். பெற்றோல் இஞ்சின் என்றால் முதலில் இஞ்சின் அறையிலிருந்து பெற்றோல் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுங்கள். வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரில் நிற்கிறது என்றால் தண்ணீர்க் குழாய் பூட்டாமல் ஒரு நொடியும் ஓட்டாதீர்கள். அல்ஃபாவில் தண்ணீர்ப் பம்பு டிரைவுக்குள் இருக்கிறது, அதன் றப்பர் இம்பெல்லர் காய்ந்து ஓடினால் சீக்கிரம் எரிந்துவிடும்.

மற்ற அறிகுறிகளும் உண்டு. கியர் விழுகிறது, ஆனால் அக்சிலரேட்டர் கூட்டினால் இஞ்சின் மட்டும் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால், டிரைவை எண்ணிக் கவலைப்படும் முன் புரொப்பெல்லரின் நடு றப்பரைப் பாருங்கள். கல்லில் மோதினால் டிரைவைக் காப்பாற்ற அந்தப் றப்பர் வழுக்கிக் கொடுக்கும். பிறகு அது பிடிக்காது. நடுக்குழாயிலிருந்து வெளிப்பக்கம் வரை பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்து விலகினால் விடை கிடைத்துவிட்டது. கியர் போடும்போது கறகறவென்று அரைத்தால், இஞ்சினின் ஐடில் வேகம் (அக்சிலரேட்டர் கூட்டாதபோது ஓடும் வேகம்) கூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நெம்புகோலை மெல்ல மெல்லத் தள்ளுவதும் அல்ஃபாவுக்குக் கேடு. பற்கள் ஒன்றையொன்று உரசும். தயங்காமல் ஒரே அசைவில் போடுங்கள்.

வேகம் கூட்டும்போது கட கடவென்று அடித்துக் கியர் வெளியே பாய்ந்தால் மட்டும் கதை வேறு. கேபிளைச் சரியான அளவுக்குப் பூட்டிய பிறகும் அப்படிச் செய்தால், கிளச்சின் பற்கள் மழுங்கியிருக்கும். கியர் ஒயிலை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். வடிகால் ஆணியின் காந்தத்தில் உலோகத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது உண்மையில் பெரிய செலவு. ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மெர்க்குரூசரின் இன்னொரு டிரைவான பிராவோவிலும், வொல்வோ பென்டா நிறுவன டிரைவுகளிலும் கிளச் கூம்பு வடிவம், டிரைவின் மேல்பாகத்தில் இருக்கும்; அங்கே வழுக்கல்தான் அறிகுறி. ஓ.எம்.சி. கோப்ரா என்ற பழைய டிரைவ் உள்ள படகை மலிவாகத் தருகிறார்கள் என்றால் அவசரப்படாதீர்கள். அதைச் செய்த நிறுவனம் 2000இல் திவாலாகிவிட்டது, கியர் கேபிளின் அளவு சற்றுப் பிசகினாலும் மக்கர் பண்ணும், அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

காசுக்கு வருகிறேன். பழுது கண்டுபிடிக்கும் கூலியைத் தனியாகப் பேசி, தனியாகக் கொடுங்கள். ஒன்று இரண்டு மணி நேரக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், பார்க்காமலே மாற்றும் வேலைக்குச் சம்மதிக்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். என்ன சோதித்தார், என்ன கண்டார் என்று எழுதி வாங்குங்கள். பிறகு திருத்த வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. வாய்ச்சொல்லில் விட்டால் எதை வைத்து வாதாடுவீர்கள்? திருத்தியவருக்கும் உரிமை உண்டு: கூலி கிடைக்கும் வரை படகைத் தன்னிடமே வைத்திருக்கலாம். தகராறு வந்தால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் படகை மீட்க வழியிருக்கிறது, ஆனால் கோடை அதிலேயே போய்விடும்.

கீழ்க் கேபிள் மாற்றும் செலவில் பெரும்பங்கு கூலிதான், ஏனென்றால் டிரைவைக் கழற்ற வேண்டும். அதனால் அந்த நேரத்தில் மெக்கானிக் "றப்பர் உறைகளையும் மாற்றுவோமா?" என்று கேட்டால் அவர் உங்களை உரிக்கிறார் என்று நினைக்காதீர்கள். யூ-ஜொயின்ற் (டிரைவுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வளையும் மூட்டு) உறை, புகைபோகும் உறை, கேபிள் உறை, கிம்பல் பெயரிங் (பின்பலகையில் டிரைவின் தண்டைத் தாங்குவது), இம்பெல்லர் எல்லாம் அப்போதுதான் கைக்கு எட்டும். வெடித்த உறையால் துறையில் கட்டிய படகு இரவோடு இரவாகத் தாழ்ந்துபோகும். உறைகள் பழையவை என்றால் நான் மாற்றச் சொல்வேன். அவை புதியவை என்று பற்றுச்சீட்டு இருந்தால் வேண்டாம் என்பேன். கேபிளில் மட்டும் மலிவுப் பிரதி வாங்காதீர்கள். அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும்.

கல்லில் மோதிய பிறகு தொடங்கிய பழுது என்றால், எதையும் கழற்றும் முன் காப்புறுதி நிறுவனத்தை அழையுங்கள். தேய்மானத்துக்கு அவர்கள் பொதுவாகக் காசு தரமாட்டார்கள், மோதலுக்குத் தரக்கூடும். கழற்றிய பிறகு எது மோதலால் வந்தது என்று காட்டுவது கடினம்.

வேலை முடிந்ததும் பழைய கேபிளைக் கேட்டு வாங்கி, உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, முன், நியூட்ரல், பின் என்று பல தடவை மாற்றிப் பார்த்துவிட்டே மீதிக் காசைக் கொடுங்கள். முடிந்தால் இந்த வேலையை ஒக்டோபரில் செய்வியுங்கள். மே மாதம் எல்லாக் கடையிலும் வரிசை. குளிர் வரும் முன் ஒயிலை வடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பதும் தெரியவரும். இருந்து, அது உறைந்தால், டிரைவின் கூடே வெடித்துவிடும்.