டிஸ்டோபியா: பேரழிவு அல்ல, கெடுநாடு

கெட்டுப்போன சமூகத்தைக் காட்டும் கதையை ஆங்கிலத்தில் ‘டிஸ்டோபியா’ என்பார்கள். தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் அது வரும் இடமெல்லாம் ‘பேரழிவுப் புனைவு’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். இது சொற்பிழை மட்டுமல்ல, கதையையே மாற்றிவிடுகிறது.

வேர் எளிது. கிரேக்கத்தில் ‘டோபோஸ்’ இடம். ‘இல்லாத’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து 1516இல் தாமஸ் மூர் தன் கற்பனை நன்னாட்டுக்கு ‘உடோபியா’ என்று பெயர் வைத்தார். ‘டிஸ்’ என்றால் கெட்ட. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து விவாதத்தில், தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் அரசுத் தரப்பை ‘டிஸ்டோபியர்கள்’ என்று சாடினார். சாடியது வெள்ளத்தையோ கொள்ளைநோயையோ அல்ல, ஆட்சியை.

பேரழிவு நேர அதைச் செய்யும் ஆளும் வேண்டாம், ஆதாயமும் வேண்டாம். கெட்ட சமூகத்துக்கு இரண்டும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ (1993) நாவலைப் பாருங்கள். 2024இல் தொடங்கும் அக்கதையின் கலிபோர்னியாவில் போலீஸ் இருக்கிறது, கூப்பிட்டால் கட்டணம். கடலோர ஊர் ஒன்றை ஒரு கம்பெனி கையகப்படுத்துகிறது. சம்பளம் செலவுக்குப் பற்றாது, கடன் ஏறும், கடைசியில் கொத்தடிமைதான் என்று கறுப்பினப் பெண்ணான லாரன் கணிக்கிறாள். அக்கம்பக்கத்து வெள்ளைக் குடும்பத்துக்கு அங்கே இடம் கிடைக்கிறது. இதில் எது பேரழிவு? எல்லாம் கணக்குப் போட்டு நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ‘பேரழிவு’ என்றதும் இனமும் வர்க்கமும் காணாமல் போய், தூசும் இடிபாடும் மிஞ்சுகின்றன. அட்டைப்படம் வரைபவரும் உடைந்த கட்டடத்தையே வரைகிறார்!

‘நரகலோகம்’ என்பாரும் உண்டு. நரகம் கிடைப்பது செய்த பாவத்துக்கு. இக்கதைகளில் பிறப்பே குற்றமாகிறது. இன்னும் சிலர் சொல்லும் ‘எதிர்க்கற்பனையுலகம்’ நாவில் நிற்காது. போதாததற்கு, உடோபியக் கனவையே கேலி செய்யும் எழுத்து தனி வகை. அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

என் தேர்வு ‘கெடுநாடு’. வினைத்தொகை என்பதால் கெட்ட, கெடுகின்ற, கெடும் என முக்காலத்தையும் ஏற்கும். ‘நாடு’ என்னும்போது ஆட்சியும் குடியும் உள்ளே வந்துவிடுகின்றன. எல்லா வளமும் இருந்தும் ‘வேந்தமைவு இல்லாத நாடு’ பயனற்றது என்று குறள் (740) சொல்வதும் இந்தப் பக்கம்தான். ‘கெடு விதித்தார்’ என்பதன் கெடுவோடு குழம்புமே என்பார்கள். நாட்டோடு ஒட்டி எழுதினால் குழம்பாது. புனைவைச் சொல்ல ‘கெடுநாட்டுப் புனைவு’. ஜாம்பி படங்களுக்குப் ‘பேரழிவு’ தாராளமாக இருக்கட்டும்.