எண்ணெய் டின் தகடும் புல்வெட்டியின் வாயும்

போன மாம்பழ சீசனில் ஓசூர் பக்கத்திலிருந்து ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். தொழிற்சாலை வளாகங்களில் புல்தரை பராமரிப்பைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய லான் மோவரை டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். வண்டியை இறக்கும் முன்பே கையிலிருந்த உரச் சாக்கை என் மேஜைமேல் கவிழ்த்தார். எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகடு ஒன்று விழுந்தது. ஒரு மூலை சுருண்டிருந்தது. ஓரம் முழுக்க ரம்பப் பல் மாதிரிக் கிழிந்திருந்தது. கட்டிய கம்பி இன்னும் ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கல்லு தெறிச்சு பார்க்கிங்ல நின்ன கார் கண்ணாடி போச்சுண்ணா. அதான் புல்லு வெளிய வர்ற வாயை அடைச்சேன். அரை மணி நேரங்கூட நிக்கல."

தகடு எங்கே போய் விழுந்தது என்று கேட்டேன்.

"வாட்ச்மேன் ரூம் சுவத்துல அடிச்சுது."

வாட்ச்மேன் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தாராம்.

கிருஷ்ணகிரியில் நான் பட்டறை வைத்திருப்பது தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டர், களை எடுக்கும் பவர் வீடர், தீவனம் வெட்டும் மெஷின் என்று விவசாயக் கருவிகளுக்காக. லான் மோவர் எப்போதாவதுதான் வரும். ஆனால் அப்படி வருகிற பெரிய மெஷின்களில் பலவற்றில் இந்த வாய் அடைக்கும் வேலையை யாராவது சொந்தமாகச் செய்து பார்த்திருப்பார்கள். டின் தகடு, பிளைவுட் துண்டு, ஒருமுறை தண்ணீர்க் குடத்தை நறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக். சரி, தேவை இருப்பதால்தானே செய்கிறார்கள்? அந்தப் பக்கவாட்டு வாய் வழியாக வெட்டிய புல் நடைபாதையில் கொட்டுகிறது, ரோஜாப் பாத்தியில் படிகிறது, காரின்மேல் தெறிக்கிறது. புல்லோடு கல்லும் போகிறது. நம் மாவட்டத்தில் எங்கே மண்ணைக் கிளறினாலும் கல்தான். கிரானைட் சில்லு, கட்டட வேலையில் மிச்சமான ஜல்லி எல்லாம் புல்லுக்கு அடியில் படுத்திருக்கும்.

அந்த ஜல்லி எவ்வளவு வேகத்தில் அடிபடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 அங்குல பிளேடு ஒரு சுற்றுக்கு அதன் நுனியை 1.68 மீட்டர் நகர்த்துகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50. அதாவது நுனி விநாடிக்குக் கிட்டத்தட்ட 84 மீட்டர் போகிறது, மணிக்கு 300 கிலோமீட்டர். பிரஷ் கட்டர் கையேடுகளில் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று பீடி பற்றவைப்பவர்களும் உண்டு.

அதனால் வாயை மூடும் தட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே செய்து கொடுக்கிறேன். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே தட்டி விற்கிறது என்றால் அதையே வாங்குங்கள். வாரண்டி இருக்கிற வண்டியில் ஓட்டை போடும் முன் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டும் இல்லாத பழைய வண்டிதான் என்னிடம் வரும்.

ஆனால் ஒன்று. அந்த வாய் சும்மா வைத்த வாய் இல்லை. பிளேடின் பின்னோரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். சுற்றும்போது அதுதான் காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்துகிறது, வெட்டியதை வாய்ப்பக்கம் தள்ளுகிறது. வாயை அடைத்தால் காற்றுக்கு வழியில்லை. புல் டெக்குக்குள்ளேயே, அதாவது பிளேடை மூடியிருக்கும் கூட்டுக்குள்ளேயே, சுழன்று சுழன்று அப்பிக்கொள்ளும். காய்ந்த புல் என்றால் சமாளிக்கலாம். மழை பெய்த மறுநாள் என்றால் பத்து நிமிடத்தில் சாணி மெழுகியது போல் டெக் அடைத்துவிடும். இன்ஜின் திணறும், பெல்ட் கருகி வாசனை வரும். அப்புறம் ஆள் என்ன செய்வார்? வண்டியை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விடுவார்.

எனக்கு உண்மையில் பயம் இதில்தான். கல் எப்போதாவது பறக்கும். மூடிய வாயோடு ஓட்டுகிறவரின் கை தினமும் உள்ளே போகும். சில வருடங்களுக்கு முன் மூன்று பிளேடு வண்டி ஒன்றை என் பட்டறை வாசலிலேயே இரண்டு பேர் சுத்தம் செய்தார்கள். சாவி எடுத்தாயிற்று, இன்ஜின் நின்றாயிற்று. ஒருவர் இடது பக்கப் பிளேடில் சிக்கிய சணல் கயிறை உருவுவதற்காக அதைக் கையால் திருப்பினார். வலது பக்கம் உட்கார்ந்து புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த தம்பி கத்தினான். மூன்று பிளேடும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. ஒன்றைத் திருப்பினால் மூன்றும் திரும்பும். ஆள்காட்டி விரலில் நான்கு தையல். பெல்ட்டின் ஓட்டத்தை அவர்களிடம் முன்பே காட்டாமல் விட்டது நான்தான்.

அதற்குப் பிறகு தட்டி கேட்டு வருகிற எவருக்கும் ஒரு மரக்கட்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன். முக்கால் முழ நீளம், நுனி சீவியது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடு, பிளேடு முழுசாக நிற்கும்வரை பார், ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்று, கட்டையால் சுரண்டு. கை வேண்டாம். ஒரே ஆள் செய். தள்ளிக்கொண்டு போகிற சின்ன மோவரைச் சாய்ப்பதாக இருந்தால் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரட்டும். இல்லாவிட்டால் இன்ஜின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி அதற்கு ஒரு தனிச் செலவு.

இனி தட்டி. நான் போடுவது 3 மில்லிமீட்டர் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகடு. முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி வாயில் வைத்துப் பார்ப்பேன், பிளேடைக் கட்டையால் மெதுவாகச் சுற்றிவிட்டு எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகுதான் தகடுக்குப் போவேன். பிளேடு நுனிக்கும் தட்டிக்கும் இடையே ஓர் அங்குலமாவது விடுகிறேன். எங்காவது இடித்துத் தகடு உள்பக்கம் நெளிந்தாலும் பிளேடு தொடக்கூடாதே. போல்ட் தலை உருண்டையானதாக உள்பக்கம் இருக்க வேண்டும், அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட் வெளிப்பக்கம். தலைகீழாகப் போட்டுத் திருகு நீட்டிக்கொண்டிருந்தால் புல் அதில்தான் முதலில் சிக்கும். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டுத்தான். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தட்டி மேலே கீலில் தொங்கும். சீட்டிலிருந்து இழுக்க பைக் கிளட்ச் கேபிளே போதும். பலரும் ஸ்பிரிங்கைத் திறக்கும் பக்கம் மாட்டச் சொல்வார்கள். நான் மூடும் பக்கம் மாட்டுகிறேன். திறக்க வேண்டுமானால் கேபிள் லீவரை இழுத்து அதற்கென்று வெட்டிய காடியில் மாட்டிக்கொள்ளட்டும். கேபிள் அறுந்தால் தட்டி தானாக மூடிக்கொள்ளும். மூடினால் புல் அடைக்கும், அவ்வளவுதான். திறந்தால் யார் எதிரே நிற்கிறார்களோ, அவர்கள் பாடு.

வாய்க்கு மேல் கம்பெனி போட்ட சாய்வு மூடியை மட்டும் யாருக்காகவும் கழற்றுவதில்லை. "அது இடிக்குதுண்ணா, எடுத்துடு" என்பார்கள். தட்டி அதற்கு உள்ளே அடங்கும்படி செய்ய முடியாவிட்டால் அந்த வண்டிக்குத் தட்டியே கிடையாது. இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும்: நம் ஊர்க் கிரஷர்களில் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் கிடைக்கிறதே, அதைத் தொங்கவிட்டால் என்ன என்று. நல்ல ரப்பர்தான், கல்லையும் தாங்கும். தரையைத் தொடும்படி விட்டால் வண்டி நகரும்போது மடங்கி பிளேடுக்கு அடியில் போய்விடும். தரைக்கு மூன்று விரல்கடை மேலே நிறுத்தினால் சரி.

ஓசூர்க்காரர் வண்டிக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். பார்க்கிங் ஓரம், நடைபாதை ஓரம், பூப்பாத்தி ஓரம் போகும்போது மட்டும் மூடு, நடுத்தரையில் திறந்தே ஓட்டு, வெட்டும் முன் ஒரு ஆளை நடக்கவிட்டுக் கல் பொறுக்கு என்று சொன்னேன். ஒவ்வொரு நட்டிலும் தகட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். நட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும், ஸ்பேனர் தேவையில்லை.

ஆடி முடிந்து வண்டி ஆயில் மாற்ற வந்தது. தட்டியின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. நான்கு கோட்டில் மூன்று நேராக இருந்தன. கீல் பக்கத்துக் கோடு கால் சுற்று விலகியிருந்தது.

"பாத்தேண்ணா, நேத்துதான் பாத்தேன்" என்றார். நட்டை இறுக்கிப் புதுக்கோடு போட்டேன். எண்ணெய் டின் தகட்டைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. அது பட்டறைச் சுவரில், மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.