பேராளர் (டெலிகேட்)

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் நம் செய்திகளில் 'டெலிகேட்' என்ற சொல் நுழைந்துவிடும். சிலர் 'பிரதிநிதி' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை; ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையையும் பிரதிநிதிகள் சபை என்றே சொல்கிறோம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி மாநாட்டுக்குப் போகிறவரும் அந்தச் சபை உறுப்பினரும் ஒருவரே என்று வாசகர் நினைத்துவிடக்கூடும். 'பேராளர்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. மலேசியாவில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் பேராளர் மாநாடு நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிய பெயர். இலங்கைக் கட்சிகளும் இச்சொல்லை ஆள்கின்றன. பழந்தமிழில் பேராளன் என்றால் பெருமை உடையவன். மற்றவர் பேரால் பேசுபவர் என்று இன்று பொருள் கொண்டாலும் சொல் இசைந்து வருகிறது.

மூலச்சொல் லத்தீன். பொறுப்பைக் கொடுத்து ஒருவரைத் தூது அனுப்புவதே அதன் பொருள். அனுப்பியவர் சொன்னதை மட்டும்தான் தூதர் சொல்ல வேண்டுமா, தாமாகவும் முடிவெடுக்கலாமா? அமெரிக்கக் கட்சிகளின் பேராளர் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி, கட்சி வேட்பாளர் யார் என்று மாநில வாக்காளர்கள் வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல் ஒன்றில்கூடப் போட்டியிடாமல் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகே பெரும்பாலான பேராளர்களை வாக்காளர்களின் தீர்ப்போடு கட்டிப்போடும் விதிகள் வந்தன.

கட்டிப்போட்டும் கணக்குத் தீரவில்லை. ஜனநாயகக் கட்சியில் பேராளர் இடங்கள் தொகுதிவாரியாகவும், வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகின்றன. இருவர் மட்டும் மோதும் தொகுதியில் நான்கு இடங்கள் இருந்தால், 60 விழுக்காடு வாக்கு வாங்கியவருக்கும் 40 விழுக்காடு வாங்கியவருக்கும் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவது இடத்துக்கு 62.5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். மூன்று இடத் தொகுதியிலோ மயிரிழையில் வென்றாலும் இரண்டு கிடைக்கும். 2008இல் நெவாடாவில் ஹிலாரி கிளின்டன் முன்னிலை பெற்றும், இந்தக் கணக்கால் பேராளர்களில் ஒபாமா 13, அவர் 12 என்றானது.

அதே ஆண்டு மிச்சிகனில் நடந்தது இதைவிட மோசம். கட்சி குறித்த நாளுக்கு முன்பே தேர்தல் வைத்ததற்காக மிச்சிகன், ஃபுளோரிடா இரண்டின் பேராளர்களையும் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு முழுவதுமாகப் பறித்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தம் பெயரை விலக்கிக்கொண்டார், கிளின்டன் விலக்கவில்லை. ஒபாமாவை விரும்பியவர்கள் பலர் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். மே 31 அன்று கட்சியின் விதிக்குழு பேராளர்களைத் திரும்பச் சேர்த்தது, ஆனால் ஆளுக்கு அரை வாக்கு. அதை ஒரு தண்டனையாக ஏற்கலாம். வாக்குகளின்படி கிளின்டனுக்கு 73, 'யாருக்கும் உறுதியில்லை' கட்டத்துக்கு 55 என்று வந்திருக்க வேண்டிய மிச்சிகன் பங்கீட்டைக் கிளின்டன் 69, ஒபாமா 59 என்று ஆக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பெயர் சீட்டில் இல்லாத தேர்தல் நேர்மையானதல்ல என்பது உண்மை. அப்படியானால் மறுதேர்தல் நடத்தியிருக்க வேண்டும். குறியிட்டவர் மனத்தில் யார் இருந்தார் என்பதை ஒரு குழு ஊகித்து, நான்கு பேராளர்களை இடம் மாற்றுவது எண்ணிக்கை ஆகாது. ஆகஸ்டில் வேட்பாளர் முடிவான பிறகு இரு மாநிலங்களுக்கும் முழு வாக்கு திரும்பியது.

'சூப்பர் டெலிகேட்' என்பது பேச்சு வழக்கில் வந்த பெயர். ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்குத் தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாத இடங்களை ஜனநாயகக் கட்சி 1984 முதல் ஒதுக்கியது. 'மீப்பேராளர்', 'உயர்பேராளர்' என்றெல்லாம் மொழிபெயர்த்தால் அவர்கள் வாக்குக்கு மதிப்பு அதிகம் என்ற எண்ணம் வரும், மதிப்பு ஒன்றுதான். கட்டுப்பாடு இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே 'கட்டற்ற பேராளர்' என்று எழுதலாம். மற்றவர்கள் 'கட்டுண்ட பேராளர்'. 2016 ஜூன் 6 அன்று, கலிஃபோர்னியா வாக்களிக்க ஒரு நாள் இருக்கையில், இந்தக் கட்டற்றவர்களின் ஆதரவையும் கூட்டி வேட்பாளர் போட்டியில் கிளின்டன் வென்றார் என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. கட்டுண்ட பேராளர்களிலும் அவருக்கே பெரும்பான்மை கிடைத்தது. ஆனாலும் வாக்குப்பெட்டி திறக்குமுன் தீர்ப்பு வந்துவிட்டதாக, அவரை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்தது நியாயமே. 2018 ஆகஸ்டில் விதி மாறியது: முடிவு ஏற்கெனவே உறுதியாகியிருந்தாலன்றி, கட்டற்ற பேராளர்கள் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது.