வார்ப்புரு: டெம்ப்ளேட்டுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

தோசை வார்க்கிறோம், தண்ணீர் வார்க்கிறோம். வார்த்தல் என்றால் ஊற்றுதல். வார்ப்போடு உரு சேர்ந்தால் வார்ப்புரு. மாறும் இடங்களைக் காலியாக விட்டு எழுதிவைத்து, வேண்டியபோது நிரப்பிக்கொள்ளும் மாதிரிதான் டெம்ப்ளேட். அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் சொல் இதுதான்.

ஆங்கிலச் சொல் தறியிலிருந்து வந்தது. நெய்த துணி அகலம் குறுகாமல் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கும் கோலுக்கு ஆங்கிலத்தில் டெம்பிள் என்று பெயர். அதிலிருந்து டெம்ப்ளெட் வந்து, பிறகு பிளேட் என்ற சொல்லின் சாயல் ஏறி டெம்ப்ளேட் ஆனது என்பது அகராதிகள் பொதுவாகச் சொல்வது.

திருபுவனத்தில் தறியைப் பார்த்துவிட்டு, கும்பகோணம் தாண்டி சுவாமிமலை போனால் வார்ப்பையும் பார்த்துவிடலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு சிலைக்கு ஒரு மண்கூடு, அவ்வளவுதான். நம் டெம்ப்ளேட்டையோ ஒருமுறை எழுதி ஆயிரம் முறை நிரப்புகிறோம். அந்தக் கணக்கில் ‘அச்சு’ இன்னும் நெருக்கம். ஆனால் அச்சு என்றதும் பிரிண்டிங் ஞாபகம்தான் வருகிறது. அதனால் எனக்கு வார்ப்புருவே சரி.

அப்புறம், வார்ப்புருவுக்குள் வரும் ஃபங்க்ஷன், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சின்ன நிரல் துண்டு. கணக்குப் பாடநூலில் அது சார்பு, கணினிப் பாடநூலில் செயற்கூறு. இங்கே செயற்கூறுதான் பொருந்தும். ஒரு நெல் வியாபாரிக்கு பில், மின்னஞ்சல், எஸ்எம்எஸ் என மூன்று வார்ப்புரு இருக்கிறது என்று வையுங்கள். 125000 என்ற தொகை மூன்றிலும் 1,25,000 என்று வர வேண்டும். இதற்கு ஒரே செயற்கூறு எழுதி மூன்றுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். கோ (Go) என்ற நிரல்மொழியில் இதற்கு ஒரு முறை உண்டு: வார்ப்புருவைப் பார்ஸ் செய்யும் முன்பே, அதாவது நிரல் அதைப் படித்துப் பகுத்துக்கொள்ளும் முன்பே, செயற்கூறைப் பதிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அப்படி ஒரு ஃபங்க்ஷனே இல்லை என்று பிழை வரும். பதிந்துவிட்டால், அதே தொகுப்பில் உள்ள வார்ப்புருக்கள் எல்லாவற்றுக்கும் அது கிடைக்கும். சுவாமிமலையிலும் உலோகம் ஓடுவதற்கான வழியை மெழுகிலேயே ஒட்டிவிட்டுத்தான் மண் பூசுகிறார்கள்.

கஸ்டம் ஃபங்க்ஷனைச் சிலர் ‘தனிப்பயன் செயற்கூறு’ என்கிறார்கள். மூன்று வார்ப்புரு பகிர்ந்துகொள்வதைத் தனிப்பயன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாமே எழுதிச் சேர்த்தது என்பதால் ‘சொந்தச் செயற்கூறு’ என்றே எழுதுகிறேன்.