ஆராய்ச்சிக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களா? போகுமுன் இதைப் பாருங்கள்

பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சி எதைப் பற்றி நடக்க வேண்டும் என்று நோயாளிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் (கேரர்கள்), டாக்டர் நர்ஸ்களும் ஒன்றாக உட்கார்ந்து சொல்ல ஒரு வழி இருக்கிறது. 2004-ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு காட்டிய வழி. ஒரு நோயை எடுத்து, சர்வே வைத்து, விடை தெரியாத கேள்விகளைத் திரட்டி, கடைசிக் கூட்டத்தில் முதல் பத்தைத் தேர்வு செய்வார்கள். மருந்து கம்பெனிக்காரர்களுக்கு அதில் ஓட்டு கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

சர்வேயில் "நீங்கள் யார்?" என்று கேட்பார்கள். அம்மாவை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் மகள், "நான் மகள்தானே, கேரர் இல்லையே" என்று வேறு எதையாவது டிக் செய்துவிடுவார். சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டாலும் நீங்கள் கேரர்தான். அந்தப் பெட்டியையே டிக் செய்யுங்கள்.

புகாரை எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள். "ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை" என்பது நியாயமான கோபம்தான், ஆனால் வரம்புக்கு வெளியே என்று ஒதுக்கிவிடுவார்கள். "டயாலிசிஸ் முடிந்த அன்று வரும் அசதியை எது குறைக்கும்?" என்று கேட்டால் நிற்கும். ஏற்கெனவே ஆராய்ச்சியில் விடை கிடைத்த கேள்விகளையும் எடுத்துவிடுவார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்தாலும் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. கூப்பிடும்போது இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சரி, கூட்டத்துக்கு வந்ததற்காக உங்களுக்குத் தரும் பணத்துக்கு வருவோம். ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தேசிய ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்ஆர் தன் வழிகாட்டியில் முழுநாள் பங்களிப்புக்கு 150 பவுண்ட் என்று வைத்திருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) வாங்குபவருக்கு அது வருமானம். வவுச்சராகக் கொடுத்தால் கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேரர்களுக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வருமான வரம்பு, கழிவுகள் போக, வாரத்துக்கு 196 பவுண்ட். அதை ஒரு பவுண்ட் தாண்டினாலும் அந்த வார அலவன்ஸ் முழுவதும் போகும். வாரம் 100 பவுண்டுக்குப் பகுதிநேர வேலை பார்ப்பவர் ஒருநாள் கூட்டத்துக்கு 150 வாங்கினால் கதை முடிந்தது. சராசரி போட்டுக் கொள்வார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அலவன்ஸ் தரும் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். சின்னச் சின்ன மீறல்களை அந்த அலுவலகம் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்டதில் ஆயிரக்கணக்கான கேரர்கள் கடனாளி ஆனார்கள்.

அதனால் கூட்டத்துக்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நீங்கள் நோயாளியாகவோ கேரராகவோ கருத்துச் சொல்ல வருகிறீர்கள், ஊழியராக அல்ல என்று அதில் இருக்க வேண்டும். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் என்பதும் வேண்டும். பயணச்செலவைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். தொகை வேண்டாம் என்றோ குறைவாகப் போதும் என்றோ நினைத்தால், அதையும் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். நீங்கள் வாங்குவது யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை என்றால், அதன் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜர்னலில் பதிவு செய்து, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் சொன்னதாகச் சொல்வது எதற்கும் ஆதாரம் ஆகாது.

சில பல்கலைக்கழகங்களின் பணப்பிரிவு, வேலைக்கு ஆள் எடுப்பதுபோல பாஸ்போர்ட் நகலும் படிவங்களும் கேட்கும். அரைநாள் பேச வந்தவரிடம் இத்தனையும் எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அங்கே நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். உங்களைக் கூப்பிட்டவரையே பணப்பிரிவோடு பேசச் சொல்லுங்கள், அது அவர் வேலை.