டெஸ்டில் எதை மறைக்கலாம், எது கண்ணில் பட வேண்டும்

பில்லிங் மென்பொருளில் ஜிஎஸ்டி கணக்கு தப்பினால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. விதி எளிதுதான். விற்குமிடமும் சரக்கு போய்ச் சேருமிடமும் ஒரே மாநிலம் என்றால் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) என்று பாதிப் பாதியாகப் பிரியும். மாநிலம் மாறினால் முழுவதும் ஐஜிஎஸ்டி. ஆனால் இதைச் சரிபார்க்கும் சிறு நிரல்களான யூனிட் டெஸ்ட்களைத் திறந்து பார்த்தால் இன்வாய்ஸ் எண், கடைப்பெயர், முகவரி, சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண் என்று ஒரே மாதிரியான வரிகள் ஒவ்வொரு டெஸ்டிலும் அணிவகுத்து நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் மாநிலக் குறியீடு ஒன்றில் தமிழ்நாட்டின் 33, அடுத்ததில் கர்நாடகத்தின் 29. அந்த டெஸ்ட் எழுதப்பட்டதே அந்த எண்ணுக்காகத்தான். கண்ணுக்குத் தப்புவதும் அதுவேதான்.

இன்வாய்ஸில் புதிதாக ஒரு கட்டாயப் புலம் சேரும் நாளில் இத்தனை டெஸ்ட்களும் ஒன்றாக ஃபெயில் ஆகும். யாராவது மொத்தமாகத் தேடி மாற்றிவிட்டுப் போவார்கள். எதையும் படித்திருக்க மாட்டார்கள்.

இதற்குத் தீர்வு, சம்பந்தமில்லாத விவரங்களை எல்லாம் தானே நிரப்பிக்கொள்ளும் ஒரு ஹெல்ப்பர், அதாவது டெஸ்ட்கள் கூப்பிடும் துணை ஃபங்ஷன். பிறகு டெஸ்டில் இந்த ஒரு வரி போதும்:

பில்(விற்குமிடம்="33", சேருமிடம்="29", தொகை=10000, வரி=18)

பைத்தான் 3 என்ற நிரல்மொழி தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இது இப்படியே ஓடும். கீழே ஐஜிஎஸ்டி 1800, மற்ற இரண்டும் 0 என்று அசெர்ட், அதாவது விடை அதுதானா என்று சரிபார்க்கும் வரி. படிப்பவர் வேறு ஃபைலுக்குப் போகவே வேண்டாம். ஒன்றில் மட்டும் நான் ரிவ்யூவில் பிடிவாதமாக இருப்பேன்: முடிவு எந்த மதிப்பைச் சார்ந்திருக்கிறதோ, ஹெல்ப்பரின் டீஃபால்ட்டும் (நாம் எதுவும் தராதபோது அது எடுத்துக்கொள்ளும் மதிப்பும்) அதுவாகவே இருந்தாலும், அது டெஸ்டுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை யாரோ டீஃபால்ட்டை மாற்ற, தொடர்பே இல்லாத ஒரு டெஸ்ட் உடையும். காரணம் தேடி அரை நாள் போகும்.

பலர் இத்துடன் நிறுத்துவதில்லை. அசெர்ட்களையும் ஒரே ஹெல்ப்பருக்குள் தள்ளி, எந்தக் கிளைக்குப் போவது என்று ட்ரூ, ஃபால்ஸ் அனுப்புவார்கள். மூன்று ட்ரூ, ஒரு ஃபால்ஸ் உள்ள வரியைப் பார்த்து அது எதைச் சோதிக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இதைவிட ஆபத்தானது, எதிர்பார்க்கும் விடையையும் கணக்குப் போட்டு எடுப்பது. சிஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி வரித்தொகையை முழு ரூபாயாக்க வேண்டும்: 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் பைசாவை விட்டுவிட வேண்டும். அப்படியென்றால் 100.50 என்பது 101. பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷனோ சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண் பக்கம் சாயும், 100.5 கொடுத்தால் 100 தரும். கோடிலும் ரவுண்ட், டெஸ்ட் ஹெல்ப்பரிலும் அதே ரவுண்ட் என்றால் இரண்டும் ஒரே தப்பைச் செய்து பச்சை விளக்கு காட்டும். ஆகவே விடையை மட்டும் கையால் கணக்கிட்டு, எண்ணாகவே எழுதுங்கள். 1800 என்ற எண் பத்து டெஸ்டில் திரும்ப வந்தாலும் பரவாயில்லை.

உள்ளீடும் விடையும் மட்டும் மாறும் இப்படிப்பட்ட இடங்களுக்கு, ஒரே டெஸ்டை ஒரு பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓட்டும் அட்டவணை டெஸ்ட் மிகப் பொருத்தம். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் இதன் பெயர் பாராமெட்ரைஸ், ஜாவாவின் ஜேயூனிட் 5-இல் பாராமெட்ரைஸ்ட் டெஸ்ட். 100.49-க்கு 100, 100.50-க்கு 101, 101.50-க்கு 102 என்று மூன்று வரிசை. கடைசி வரிசையை மட்டும் எழுதியிருந்தால் மேலே சொன்ன தப்பு சிக்கியிருக்காது, ஏனென்றால் ரவுண்டும் 102 என்றே சொல்லும். இதையே டெஸ்டுக்குள் ஒரு லூப்பாக எழுதினால் முதல் தோல்வியிலேயே அது நின்றுவிடும், பின்னால் வருபவை என்ன ஆயின என்று தெரியாது. அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் தனி டெஸ்ட். வரிசைக்கு ஒரு பெயரும் வைத்தால் ஃபெயிலான இடம் ரிப்போர்ட்டிலேயே தெரியும்.

ஆனால் ஒரு அட்டவணையில் ஒரு விதி மட்டும்தான் இருக்க வேண்டும். ரவுண்டிங்கையும் மாநிலப் பிரிப்பையும் ஒன்றாகப் போட்டால் டெஸ்டுக்குள் இஃப் நிபந்தனை நுழையும். இஃப் வந்த டெஸ்டை இரண்டாக உடைத்துவிடுவது நல்லது.

2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் வரி மாறியது. நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. வரி விகிதத்தை டெஸ்டிலேயே கொடுத்திருந்தால், மாநிலப் பிரிப்பு டெஸ்ட்களில் கை வைக்க வேண்டியதே இல்லை. விகிதத்தைத் தேடி எடுக்கும் கோடுக்கான அட்டவணையில்தான் வேலை. அங்கே பழைய வரிசையில் 12-ஐ அழித்து 5 என்று திருத்தாதீர்கள். செப்டம்பர் 21-க்கு 12, 22-க்கு 5 என்று இரண்டும் இருக்கட்டும். அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் தொகையைத் திருப்பி வரவு வைக்கும் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும்.