முற்றத்துக் கிண்ணமும் மலைக்கோட்டை விளக்கும்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் சாயங்காலம் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை தெரியும். விளக்கு போட்டதும் போனை எடுக்காதவர் அங்கே குறைவு. நான் கேமராவைக் கையிலேயே பிடித்து எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் படம் பிரமாதம். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால், பாறை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள். “ஐஎஸ்ஓ 6400ல வச்சா அப்படித்தான் வரும்” என்றார் ஒரு நண்பர், படத்தைப் பிரகாசமாக்கக் கேமராவில் கூட்டிவைக்கும் எண்ணைச் சொல்லி. அது பாதிதான் சரி.

கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் நடுவே முற்றம் இருக்குமே, தூறல் போடும்போது அதில் பத்துக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் சில வினாடிகளில் ஒன்றில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் ஏழு, இன்னொன்று காய்ந்தே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மழைதான். துளிகள் ஆளுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக்கொண்டு வருவதில்லை, அவ்வளவே. அரை மணி கழித்துப் போனால் பத்திலும் ஏறக்குறைய ஒரே மட்டம் நிற்கும்.

ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. 1905இல் ஐன்ஸ்டீன் சொன்ன அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கிண்ணம். சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில், அந்த எண்ணிக்கை பிக்சலுக்குப் பிக்சல் பத்து வரை முன்னே பின்னே இருப்பது சகஜம்; அதாவது 10 சதவீதம். 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1 சதவீதம்தான். ஏற்றத்தாழ்வு எப்போதும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது கணக்கு. ஒரே நிறத்தில் தெரியவேண்டிய பாறையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறு வேறு அளவு காட்டுவதைத்தான் நாம் நாய்ஸ் என்கிறோம். வெற்றிடக் குழாயில் ஓடும் எலக்ட்ரான்களில் இதே குணத்தை 1918இல் வால்டர் ஷாட்கி என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் விளக்கிவிட்டார். ஆக, கேமராவைத் திட்டிப் பயனில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தூறல் தூறல்தான்.

சரி, ஐஎஸ்ஓ என்ன செய்கிறது? அது ஒரு ஃபோட்டானைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவருவதில்லை. பிடித்ததைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நடுங்கும் குரலை மைக்கில் கொடுத்தால் நடுக்கமும் சேர்ந்துதானே பெரிதாகும்? என் படத்தைக் கெடுத்தது 6400 என்ற எண் இல்லை. அந்த எண்ணை வைக்கும்படி செய்த 1/30 வினாடி. அவ்வளவு நேரம்தான் கிண்ணம் திறந்திருந்தது.

அடுத்த வாரம் கேமராவை நிறுத்திவைக்கும் முக்காலியான டிரைபாடோடு போனேன். முதல் நாள் ஐஎஸ்ஓ 6400, எஃப் 4, 1/30 வினாடி. இந்த முறை ஐஎஸ்ஓ 100, எஃப் 8, எட்டு வினாடிக்குச் சற்று மேல். எஃப் என்பது லென்ஸின் வாய்க்கான எண்; எண் கூடினால் வாய் சுருங்கும். எஃப் 4க்குப் பதில் எஃப் 8 வைத்தால் லென்ஸின் வாய் சுருங்கி ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். இருந்தும் நேரம் நீண்டதால் மொத்தத்தில் 64 மடங்கு ஒளி சேர்ந்தது. 64க்கு வர்க்கமூலம் எட்டு. ரவை எட்டில் ஒரு பங்காகக் குறைந்து, கண்ணுக்கு மறைந்தேவிட்டது.

டிரைபாட் இருந்தாலே போதும் என்று நினைத்துக் காவிரிப் பாலத்து நடைபாதையில் வைத்து எடுத்தது தனிக் கதை. பஸ் ஒன்று கடந்தது. காலில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். படத்தில் ஒவ்வொரு விளக்கும் நெளிந்த புழுவாக இருந்தது. பாலம் ஆடினால் டிரைபாடும் சேர்ந்து ஆடும். படித்துறைக் கல் ஆடாது. பட்டனை விரலால் அமுக்குவதே ஒரு ஆட்டம் என்பதால் இரண்டு வினாடி டைமர் வைத்துவிடுவது நல்லது. ஃபோகஸை இருட்டில் கேமராவிடம் விட்டால் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். திரையில் தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைக் கையால் திருப்பி, அப்படியே விட்டுவிடுவேன்.

கூர்மை வேண்டுமென்று எஃப் 22 வரை போகிறவர்கள் உண்டு. சின்ன ஓட்டை வழியே போகும் ஒளி விரிந்து பரவும். எஃப் 8இல் ஒரு விளக்குப் புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகல வட்டமாக விழும், எஃப் 22இல் சுமார் 30. பல கேமராக்களில் ஒரு பிக்சலே 4 மைக்ரான்தான் என்பதால் படம் மொத்தமும் மசமசக்கும். ஆனால் அதே பரவல்தான் தெருவிளக்குக்கு நட்சத்திரக் கதிர் வரைகிறது. லென்ஸுக்குள் ஓட்டையைச் சுருக்கும் தகடுகள் எட்டு என்றால் எட்டுக் கதிர், ஒன்பது என்றால் பதினெட்டு. எனக்கு அந்தக் கதிர் பிடிக்கும். எஃப் 11இல் நிறுத்திக்கொள்வேன்.

கிண்ணம் நிரம்பி வழிவதும் உண்டு. ராஜகோபுரத்து விளக்கு, கடை போர்டு மாதிரி இடங்களில் பிக்சல் நிரம்பிவிட்டால் எழுத்து, நிறம் எல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். அப்புறம் எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அதனால் மிகப் பிரகாசமான இடம் வழியாத அளவுக்கு ஒளியைக் குறைத்து வைத்து, சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, இருட்டுப் பகுதியைப் பிறகு தூக்கிவிடுவது என் வழக்கம். இதைவிடச் சுலபம், சூரியன் மறைந்த இருபது நிமிடத்துக்குள் எடுப்பது. அப்போது வானமும் விளக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் வானத்தின் அந்த நீலம் சட்டென்று போய்விடும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் போச்சு.

நீண்ட நேரம் திறந்து வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒளியே இல்லாவிட்டாலும் சென்சாரின் சூடு சில எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும், அதுவும் சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். முப்பது வினாடிப் படத்தில் அங்கங்கே மின்னும் சிவப்பு, நீலப் புள்ளிகள் இப்படி வந்தவை. சில கேமராக்கள் ஷட்டரை மூடி அதே முப்பது வினாடிக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழித்துவிடும். இது தெரியாமல், கேமரா உறைந்துவிட்டது என்று பேட்டரியைக் கழற்றியவன் நான்.

போனின் நைட் மோடும் இதே கிண்ணக் கணக்குதான். கை ஆடும் என்று தெரிந்தே சின்னச் சின்னதாகப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திச் சராசரி பார்க்கிறது. ஒன்பது படம் சேர்ந்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்கு. டிரைபாட் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தபின் படித்துறையில் எடுத்தால் எட்டு வினாடியில் அலைகள் கரைந்து, விளக்குகள் ஆற்றில் தூண்தூணாக இறங்கும். அந்த நேரத்தில் கடைசிப் படியில் ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி நடந்து போனார். எந்தக் கிண்ணத்துக்கும் அவரிடமிருந்து நாலு துளிகூடச் சேரவில்லை. படத்தில் அவர் இல்லை. டார்ச் மட்டும் படியை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடாகக் கிடக்கிறது, நடுவில் ஒரு சின்ன மேட்டோடு. அங்கே அவர் துண்டைச் சரிசெய்தார்.